கரண்ட் போய் வந்தால் கமரா காணாமல் போகிறதா? வீட்டு ரவுட்டரில் நிலையான ஐபி பிழைகள், அறிகுறி வாரியாக

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடியில் இருந்து கல்முனை வரைக்கும் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் ரவுட்டர், கமரா பூட்டிக் கொடுப்பது என் வேலை. புதிதாகப் பூட்டப் போகிற நாட்களைவிட ஏற்கனவே யாரோ பூட்டியதைத் திருத்தப் போகிற நாட்கள்தான் கூட. அப்படிப் போகிற இடங்களில் திரும்பத் திரும்பக் காண்பது ஒரே பிழை. கமராப் பெட்டிக்கோ (கமராக்களின் படத்தைப் பதிந்து வைக்கிற பெட்டி) பிரிண்டருக்கோ நிலையான ஐபி எண் ஒன்றை, அதாவது நெட்வேர்க்குக்குள் மாறாத முகவரி ஒன்றை, கொடுத்திருப்பார்கள், ஆனால் அந்த எண் இன்னாருக்கு உரியது என்று ரவுட்டருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ரவுட்டர் அதே எண்ணை வீட்டுக்கு வந்த விருந்தாளியின் ஃபோனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். பொழுதுபட்ட பிறகு எனக்குக் கோல் வரும்: "மனே, கமரா ஒண்டும் தெரியுதில்ல, மறுகா எப்பிடி நாங்க படுக்கிற?"

வயதானவர்கள் தனியே இருக்கிற வீடுகளில் அந்தக் கமராவைத்தான் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசு போகாத காரணம் முதலில், காசு போகிற காரணம் கடைசியில் இருக்கும்.

தொடங்க முன்: எந்த நிலையான ஐபி?

இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல். ஒன்று வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற எண். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், நீங்களே கொடுக்கலாம், ஒரு சதமும் செலவில்லை. மற்றது உங்கள் இணைய நிறுவனம் மாதக் கட்டணத்துக்குத் தருகிற பொது எண், வெளியுலகத்தில் இருந்து உங்கள் வீட்டைத் தேடி வருவதற்கானது. பிரிண்டர் அடிக்கடி தொலைகிறது என்று சொன்ன ஒருவருக்கு யாரோ பொது எண் வாங்கச் சொல்லி, அவரும் மாதக்கணக்காகக் காசு கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுப் பிரிண்டருக்கும் பொது எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்புறம் ஒரு தாள், ஒரு பேனா எடுங்கள். மூன்று விஷயம் எழுத வேண்டும். முதலாவது ரவுட்டரின் சொந்த எண். ஃபோனில் வைஃபை பெயரை அழுத்தி விவரம் பார்த்தால் கேட்வே என்று ஒரு எண் தெரியும், அதுதான். விண்டோஸ் கணினி என்றால் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று ஆங்கில எழுத்தில் தட்டிக் கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக் என்று தட்டினாலும் வரும். இரண்டாவது, ரவுட்டர் எந்த எண்ணில் இருந்து எந்த எண் வரைக்கும் தானாகப் பகிர்கிறது என்பது. ரவுட்டரின் சொந்த எண்ணைப் பிரவுசரில் அடித்தால் அதன் செட்டிங் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தில் லேன் அல்லது டிஎச்சிபி என்ற இடத்தில் ஸ்டார்ட், எண்ட் என்று இரண்டு எண் இருக்கும். மூன்றாவது, நீங்கள் நிலையாக வைக்க நினைக்கும் கருவியின் மக் முகவரி, அதாவது செய்யும்போதே அதற்குக் கொடுத்த அடையாளம். பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் கலந்த அந்த முகவரி பெரும்பாலும் கருவியின் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும்.

அறிகுறி 1: நேற்று வேலை செய்த கமரா, பிரிண்டர், இன்று காணவில்லை

கரண்ட் போய் வந்த பிறகா, அல்லது சில நாளைக்கு ஒருமுறை தானாகவா என்று முதலில் யோசியுங்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் கரண்ட் போய் வந்த பிறகு என்றால் எண் மோதல் என்பது ஏறக்குறைய நிச்சயம்.

எண் மோதல் எப்படி வருகிறது என்பதை ஒரு கடையில் உட்கார்ந்து பார்த்தே படித்தேன். 2022 இல் நாடு முழுக்க மின்வெட்டு, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கிற நானா ஒருவர், ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் கமரா தெரிவதில்லை, ஆனால் எல்லா முறையும் இல்லை என்று சொன்னார். கரண்ட் வரும் நேரத்துக்குப் போய் இருந்தேன். ரவுட்டர் ஒரு நிமிடத்துக்குள் எழும்பிவிட்டது. கமராப் பெட்டிக்கு உள்ளே ஹார்ட் டிஸ்க் இருப்பதால் அது எழும்ப இன்னும் இரண்டு நிமிடம். அந்த இடைவெளிக்குள் கடைப் பிள்ளைகளின் ஃபோன்கள் எல்லாம் வைஃபையில் ஏறிவிட்டன. பல வீட்டு ரவுட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை அணைந்ததும் மறந்துவிடும். கமராப் பெட்டியில் 192.168.1.105 என்று கையால் அடித்து வைத்திருந்தார்கள், ரவுட்டர் 100 இல் இருந்து 199 வரைக்கும் பகிர்ந்துகொண்டிருந்தது. 105 யாரிடமும் இல்லை என்று நினைத்த ரவுட்டர் அதை ஒரு ஃபோனுக்குக் கொடுத்தது, பிறகு கமராப் பெட்டி எழும்பி அதே எண்ணோடு வந்து நின்றது. அந்த ஃபோன்காரப் பிள்ளை லீவு எடுத்த நாளில் கமரா ஒழுங்காக வேலை செய்ததற்கும் காரணம் இதுதான்.

மோதலா என்று உறுதிசெய்ய: கமராப் பெட்டியின் நெட்வேர்க் வயரைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு கணினியின் கறுப்புத் திரையில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு, கமராவின் எண்ணைத் தட்டுங்கள். வயர் கழன்று கிடக்கும்போதும் பதில் வருகிறதென்றால் அந்த எண்ணில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் வராததை மட்டும் வைத்து எண் காலியாக இருக்கிறது என்று முடிவெடுக்க வேண்டாம், ஏனென்றால் தூங்குகிற ஃபோன் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம்.

தீர்க்கிற வழி: கருவியில் எண்ணை அடிக்காதீர்கள். கருவியைத் தானாக எண் வாங்கும் நிலைக்கு, அதாவது டிஎச்சிபிக்கு, மாற்றிவிடுங்கள். ரவுட்டரின் பக்கத்தில் டிஎச்சிபி பகுதிக்குள் அட்ரஸ் ரிசர்வேஷன், ஸ்டாடிக் லீஸ், ஐபி மக் பைண்டிங் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஓர் இடம் இருக்கும். அங்கே மக் முகவரியையும் நீங்கள் விரும்பும் எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். பதிந்ததும் கருவியை ஒருக்கா அணைத்துப் போடுங்கள். இனி எத்தனை முறை கரண்ட் போனாலும் அந்த எண் அந்தக் கருவிக்குத்தான்.

உங்கள் ரவுட்டரில் அப்படி ஓர் இடமே இல்லையென்றால், அப்போது மட்டும் கருவியில் கையால் அடியுங்கள். ஆனால் ரவுட்டர் பகிர்கிற வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்க வேண்டும். பகிர்வது 100 முதல் 199 வரை என்றால் 20, 21, 22 என்று எடுங்கள். 2 இல் இருந்து 254 வரைக்கும் முழுவதையும் ரவுட்டர் பகிர்கிறதென்றால் முதலில் ஸ்டார்ட் எண்ணை 100 ஆக்கிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

பதிந்த பிறகும் எண் மாறுகிறதா? மக் முகவரியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 10 இல் இருந்தும் ஐஓஎஸ் 14 இல் இருந்தும் ஃபோன்கள் தம் உண்மையான மக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் வேறொரு முகவரியைக் காட்டுகின்றன. ஃபோன் பெட்டியில் அச்சடித்த முகவரியைப் பதிந்தால் ரவுட்டருக்கு அது யாரென்றே தெரியாது. உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பை நிறுத்திவிடுங்கள். அதேபோல லேப்டொப்பில் வயருக்கு ஒரு மக், வைஃபைக்கு இன்னொரு மக். கமராப் பெட்டியும் சில பிரிண்டர்களும் இப்படித்தான், இரண்டும் வெவ்வேறு என்பதை மறந்து ஒன்றைப் பதிந்துவிட்டு மற்றதில் இணைத்தால் பதிவு வேலை செய்யாது.

அண்மையில் ரவுட்டர் மாற்றினீர்களா? புதிய பெட்டி வேறு வரிசையில் எண் கொடுக்கலாம். பழையது 192.168.1 என்று இருந்திருக்கும், இப்போது வந்த 4ஜி பெட்டி 192.168.8 என்றோ ஃபைபர் பெட்டி 192.168.100 என்றோ இருக்கும். பழைய எண்ணைக் கையால் அடித்து வைத்த கருவிகள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போகும். ஒவ்வொரு கருவியாகத் திருத்த வேண்டாம், புதிய ரவுட்டரின் லேன் எண்ணை, அதாவது அதன் சொந்த எண்ணை, பழைய ரவுட்டரின் எண்ணாக மாற்றினால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: எண் சரி, மோதல் இல்லை, ஆனால் கருவி வயர் குத்திய இடத்தில் சின்ன லைட் எரியவே இல்லை என்றால் அது எண்ணின் பிழை அல்ல. வேறு வயர் ஒன்றைக் குத்திப் பாருங்கள், ரவுட்டரின் வேறு துளையிலும் பாருங்கள். இரண்டிலும் லைட் இல்லையென்றால் கருவியின் நெட்வேர்க் பகுதி போயிருக்கிறது, கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

அறிகுறி 2: நிலையான எண் கொடுத்ததும் வைஃபை இருக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை

இது கையால் அடித்ததில் வந்த எழுத்துப்பிழை. ஐந்து நிமிட வேலை.

முதலில் ரவுட்டரின் எண்ணுக்கு பிங் போடுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் எண் வேறு வரிசையில் இருக்கிறது. ரவுட்டர் 192.168.0.1 என்று இருக்கும்போது கணினிக்கு 192.168.1.20 கொடுத்திருப்பீர்கள், மூன்றாவது இலக்கம் இரண்டிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பதில் வந்தால் அடுத்ததாக வெளியே இன்டர்நெட்டில் இருக்கிற கூகிளின் எண்ணான 8.8.8.8 க்கு பிங் போடுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் கேட்வே என்ற இடத்தில் நீங்கள் அடித்தது ரவுட்டரின் எண்தானா என்று பாருங்கள். சிலர் அங்கே கணினியின் எண்ணையே திரும்ப அடித்து வைத்திருப்பார்கள். இதற்கும் பதில் வருகிறது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருகிற டிஎன்எஸ் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. ரவுட்டரின் எண்ணை அங்கே போடலாம், அல்லது 8.8.8.8 ஐ முதலாவதாகவும் 1.1.1.1 ஐ இரண்டாவதாகவும் போடலாம்.

விண்டோஸ் 10 இல் எண் சேமிக்கவே முடியாமல் பிழை காட்டுகிறதென்றால் சப்நெட் பிரிஃபிக்ஸ் லெந்த் என்ற இடத்தைப் பாருங்கள். பழக்கத்தில் எல்லோரும் 255.255.255.0 என்று அடிப்பார்கள், அங்கே வெறும் 24 என்றுதான் போட வேண்டும். ஆண்ட்ராய்டிலும் அப்படித்தான்.

வீட்டில் சரி, அலுவலகத்தில் மட்டும் லேப்டொப்புக்கு இன்டர்நெட் இல்லையா? அடாப்டர் செட்டிங்கில் எண்ணை நிலையாக அடித்தால் அது நீங்கள் போகிற இடமெல்லாம் கூடவே வரும். அழித்துவிட்டு, முதலாவது அறிகுறியில் சொன்னபடி வீட்டு ரவுட்டரில் பதியுங்கள். நடமாடுகிற கருவி எதற்கும் கையால் எண் அடிக்கவே வேண்டாம்.

ஆளைக் கூப்பிடத் தேவையில்லை. குழம்பிவிட்டால் தானாக எண் வாங்கும் நிலைக்கு மாற்றினாலே எல்லாம் பழையபடி வந்துவிடும்.

அறிகுறி 3: ரவுட்டரின் பக்கமே திறக்கவில்லை

ஃபோனில் இருந்து முயல்கிறீர்கள் என்றால் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு முயலுங்கள். அட்ரஸ் இடத்தில் எண்ணை அடிக்கும்போது கூகிள் அதைத் தேடப் போகிறதென்றால் http:// என்று முன்னால் சேர்த்து அடிக்க வேண்டும். விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையில் நிற்கிறீர்களா என்றும் பாருங்கள். கெஸ்டில் நிற்கிற ஃபோனுக்கு இன்டர்நெட் வரும், ஆனால் பெரும்பாலும் ரவுட்டர் பக்கமும் தெரியாது, பிரிண்டரும் தெரியாது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

வீட்டில் இரண்டு ரவுட்டர் இருக்கிறதா? நம் பக்கத்தில் இது நிறைய. ஃபைபர் பெட்டி முன் மண்டபத்தில், பின் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று கடையில் இன்னொன்று வாங்கிப் பூட்டியிருப்பார்கள். இரண்டும் 192.168.1.1 என்று இருந்தால் ஒன்று மற்றதை மறைக்கும். இரண்டாவதைத் தனியாகக் கழற்றி எடுத்து, லேப்டொப்பை வயரால் அதில் இணைத்து, அதன் லேன் எண்ணை 192.168.1.2 ஆக்குங்கள், அதன் டிஎச்சிபியை நிறுத்துங்கள். பிறகு முதல் பெட்டியில் இருந்து வருகிற வயரை இரண்டாவதின் வேன் துளையில் (இன்டர்நெட் வருகிற பக்கத்துத் துளை) குத்தாமல் லேன் துளை (வீட்டுக் கருவிகளுக்கான துளை) ஒன்றில் குத்துங்கள். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு எண் கொடுக்கும், நிலையான எண் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. 2 என்ற எண் முதல் ரவுட்டர் பகிர்கிற வரிசைக்குள் வரக்கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்ட் மறந்துபோனால், அடியில் ஒட்டிய லேபிளில் உள்ளதை முதலில் முயலுங்கள். அதுவும் இல்லையென்றால் எல்லோரும் குண்டூசி எடுத்து ரீசெட் துளைக்குள் குத்தப் போவார்கள். கடையில் நீங்களே வாங்கிய ரவுட்டர் என்றால் குத்தலாம், பதிந்ததெல்லாம் அழியும், திரும்பப் பதிய வேண்டும், அவ்வளவுதான். இணைய நிறுவனம் தந்த பெட்டியைக் குத்த வேண்டாம். அதற்குள் உங்கள் இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கலாம், வேறு சில அமைப்புகளும் இருக்கலாம். அழிந்துவிட்டால் ஆள் வரும்வரைக்கும் இன்டர்நெட் இல்லாமல் இருக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் குத்திவிட்டுத் திங்கள் வரைக்கும் காத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்கு நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

அறிகுறி 4: எண் 169.254 என்று தொடங்குகிறது

நீங்கள் கொடுக்காத எண் இது. கருவி ரவுட்டரிடம் எண் கேட்டுப் பதில் கிடைக்காமல் தனக்குத்தானே வைத்துக்கொண்டது. ரவுட்டரில் டிஎச்சிபி நிறுத்தப்பட்டிருக்கிறதா பாருங்கள், இரண்டு ரவுட்டர் உள்ள வீட்டில் தவறுதலாக முதலாவதில் நிறுத்தியிருப்பீர்கள். அது சரியென்றால் வயர்தான்.

வயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடற்கரையில் இருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளில், கல்லடி, நாவலடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் எல்லாம், உப்புக் காற்று பிளக்கின் செம்பு ஊசிகளைத் தின்றுவிடுகிறது. வெளியே பூட்டிய கமராவின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். எட்டு ஊசியும் பொன் நிறத்தில் மின்ன வேண்டும், பச்சையாகத் தூள் படிந்திருந்தால் அந்தப் பிளக் முடிந்தது. சுரண்டித் துடைத்தால் ஒரு கிழமை வேலை செய்யும், பிறகு மழை நேரத்தில் திரும்பப் போகும். வெட்டி எறிந்துவிட்டு புதுப் பிளக் அடிக்க வேண்டும், கிரிம்பிங் சாமான் உள்ளவருக்குப் பத்து நிமிட வேலை. அடித்த பிளக் வெளியே தொங்காமல் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

வயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். விலை குறைந்ததில் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம், கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளவின் மூலை வரைக்கும் இழுக்கிற நீளத்துக்கு அது தாங்காது. நல்ல வயரே 100 மீற்றருக்கு மேல் இழுக்கக் கூடாது.

அறிகுறி 5: வீட்டுக்குள் கமரா தெரிகிறது, வெளியில் இருந்து தெரியவில்லை

எண்ணை நிலையாக வைத்தாயிற்று, வெளியில் இருந்து வருவதைக் கமராவுக்குத் திருப்பிவிடுகிற போர்ட் ஃபார்வர்டிங்கும் போட்டாயிற்று, கட்டாரில் இருக்கிற மகனுக்குத் தெரியவில்லை. முதலில் நீங்கள் சோதிப்பது வீட்டு வைஃபையில் நின்றுகொண்டா? பல ரவுட்டர்கள் உள்ளே இருந்து வெளியே போய்த் திரும்பி உள்ளே வருகிற பாதையை விடாது. வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

அதிலும் இல்லையென்றால் ஒரு சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று ஒரு எண் இருக்கும், எழுதுங்கள். பிறகு அதே வைஃபையில் கூகிளில் என் ஐபி என்ன என்று தேடி, ஏதாவது ஒரு தளம் காட்டுகிற எண்ணையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றா?

இரண்டும் ஒன்று என்றால் உங்களிடம் பொது எண் இருக்கிறது, பிழை ரவுட்டரில்தான். போர்ட் ஃபார்வர்டிங்கில் போட்ட உள் எண் கமராவின் இப்போதைய எண்தானா என்று பாருங்கள். பதிவு செய்யாமல் விட்டிருந்தால் 105 என்று போட்டது இப்போது 112 ஆகியிருக்கும், திரும்பவும் முதல் அறிகுறிக்குத்தான் போக வேண்டும். பொது எண் சில நாளைக்கு ஒருமுறை மாறினால் ரவுட்டரிலேயே டைனமிக் டிஎன்எஸ் என்ற இடம் இருக்கும். அதில் ஒரு பெயரைப் பதிந்துவிட்டால் எண்ணுக்குப் பதிலாக அந்தப் பெயரை மகனுக்குக் கொடுக்கலாம்.

இரண்டும் வேறு, ரவுட்டரில் காட்டுவது 192.168 என்று தொடங்குகிறது என்றால், உங்களுடைய ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் நிற்கிறது. மூன்றாவது அறிகுறியில் சொன்ன இரண்டு பெட்டிச் சிக்கல்தான் இது.

ரவுட்டரில் காட்டுவது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்குகிற எண், அல்லது 10 என்று தொடங்குகிற எண் என்றால், நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. சிம் போட்ட 4ஜி ரவுட்டர்களில் இது மிகவும் சாதாரணம். இங்கே நீங்கள் ரவுட்டரில் என்ன செய்தாலும் வெளியில் இருந்து ஆள் உள்ளே வர முடியாது. எத்தனையோ பேர் இரண்டு மூன்று நாள் போர்ட் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், தயவுசெய்து இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். வழி இரண்டு. கமராக் கம்பெனியின் ஆப்பில் கியூஆர் கோட் ஸ்கேன் செய்து அதன் வழியாகப் பார்ப்பது, அதற்குப் பொது எண்ணே தேவையில்லை. வீட்டுப் பாவனைக்கு நான் இதைத்தான் சொல்வேன். மற்றது நிறுவனத்திடம் பொது நிலையான எண் கேட்டு மாதக்காசு கட்டுவது. கேட்கும்போது உங்கள் பக்கேஜுக்கு அதைத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.

வெளியே கதவு திறக்கிற யாரும் இதை மறக்கக் கூடாது. கமராப் பெட்டி வரும்போது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் போர்ட் திறந்தால் உங்கள் வீட்டு முன்கதவைத் திறந்துவிட்டுப் படுப்பதற்குச் சமன். 2016 இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது மாற்றாத பாஸ்வேர்ட் வழியாகத்தான். அட்மின், 12345 என்று இன்னும் வைத்திருக்கிற வீடுகளை நான் ஒவ்வொரு மாதமும் காண்கிறேன், அந்தக் கமரா சில வீடுகளில் படுக்கையறை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு போர்டைத் திறவுங்கள்.

அறிகுறி 6: நிறுவனத்திடம் நிலையான பொது எண் வாங்கிப் போட்டதும் இன்டர்நெட்டே போய்விட்டது

பெரும்பாலும் ரவுட்டரின் வேன் பகுதியில் இணைப்பு வகையை ஸ்டாடிக் என்று மாற்றியிருப்பீர்கள். பெயர் அதுதானே என்று எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் இணைப்பு பயனர் பெயர், பாஸ்வேர்ட் போட்டு ஏறுகிற பிபிபிஓஈ வகை என்றால், நிலையான எண்ணும் அந்தப் பெயரோடு சேர்ந்து தானாக வந்து இறங்கும், நீங்கள் வகையை மாற்றவே கூடாது. திரும்ப பிபிபிஓஈ ஆக்கி, பயனர் பெயரைப் போட்டு, ரவுட்டரை அணைத்துப் போட்டு, ஸ்டேட்டஸ் பக்கத்தில் நிறுவனம் சொன்ன எண் வந்திருக்கிறதா பாருங்கள்.

நிறுவனம் எண், மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் என்று நான்கும் தனித்தனியாகத் தந்தால் மட்டும்தான் ஸ்டாடிக். அதில் மாஸ்க் பெரும்பாலும் 255.255.255.0 ஆக இருக்காது, 255.255.255.252 போல வரும், தந்ததை அப்படியே போடுங்கள், பழக்கதோஷத்தில் மாற்ற வேண்டாம்.

மாற்றுவதற்கு முன் பழைய பக்கத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைக்கவில்லை, பயனர் பெயரும் தெரியாது என்றால் நீங்களாகத் தேடாமல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழையுங்கள். அடையாள அட்டையும் இணைப்பு எண்ணும் கையில் இருக்கட்டும்.

அறிகுறி 7: எண் எல்லாம் சரி, ஆனால் விட்டுவிட்டு வேலை செய்கிறது

ஆனி, ஆடியில் சூடான கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் மத்தியானம் மட்டும் ரவுட்டர் தானாக அணைந்து எழும்புகிறதா? தகரக் கூரைக்குக் கீழே அலுமாரிக்கு மேல் வைத்திருப்பீர்கள். இறக்கிக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். பெட்டியின் காற்றுத் துளைகளுக்குள் எறும்பு போகிறதா என்றும் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பதால் உள்ளே முட்டை வைத்துவிடும், நான் திறந்த ரவுட்டர்களில் இது ஒன்று இரண்டு அல்ல.

அடுத்தது அடாப்டர். ஒன்றிரண்டு வருடத்தில் அது பலம் குறைந்து, லைட் எல்லாம் எரியும், ஆனால் நாலைந்து பேர் வைஃபையில் ஏறியதும் ரவுட்டர் விழுந்து எழும்பும். புதியது வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கிற வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் குத்தினால் கருகிவிடும். அம்பியர் அதேயோ அதைவிடக் கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. அடிக்கடி கரண்ட் போகிற இடம் என்றால் ரவுட்டருக்கென்று சின்ன டிசி யுபிஎஸ் கடைகளில் இருக்கிறது. அதைப் போட்டால் ரவுட்டர் அணையவே மாட்டாது, எண்களும் மறந்துபோகாது.

ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். செம்பு டெலிஃபோன் வயர் வழியாக இணைப்பு வருகிற வீடுகளில் அதையும் கழற்ற வேண்டும், பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு டெலிஃபோன் வயரை விட்டதால் ரவுட்டரும் அதோடு வயரால் இணைந்திருந்த கமராப் பெட்டியும் சேர்ந்து போன வீடுகள் ஒவ்வொரு மாரியிலும் வரும். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் அடாப்டர் கடத்தும். இடிக்குப் பிறகு ரவுட்டரின் ஒரு லேன் துளை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அடுத்த துளைக்கு மாற்றிப் பாவிக்கலாம். இரண்டு துளை போயிருந்தால் புதுப்பெட்டிக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள், மற்றதும் போகும்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற லைட் சிவப்பாக எரிகிறதா? இது உங்கள் எண்ணாலும் ரவுட்டராலும் வந்ததல்ல, இழையில் வெளிச்சம் வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் மெல்லிய வயர் நெளிந்து மடிந்திருக்கிறதா, மேசைக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மெதுவாக நிமிர்த்தி விட்டால் சில நேரம் லைட் அணைந்து இன்டர்நெட் வந்துவிடும். வரவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டாம், அதில் வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும். நிறுவனத்துக்கு அழைத்து, எல்ஓஎஸ் சிவப்பு என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்கிற முதல் பத்து நிமிடம் மிச்சம். மரக்கிளை விழுந்து வெளி வயர் தொங்கிக்கொண்டிருந்தாலும் கம்பத்தில் ஏறவோ தடியால் தூக்கிவிடவோ வேண்டாம், அதே கம்பத்தில் சில இடங்களில் மின்கம்பியும் போகிறது.